பழைய கருவியின் பச்சை விளக்கு

அப்பாவின் கட்டைவிரல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

சின்னச் சக்கரம் அது. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே தள்ளினால் குறையும். அண்ணனிடம் கேட்டால் நான் கீழே என்று சொன்னதாகச் சொல்வான். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது சில நாள் மேலே என்று வருகிறது. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது, அந்தக் கல் பெஞ்சின் ஈரம்கூட. விரல் மட்டும் பிடிபடவில்லை. ஆகவே தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா முப்பத்தொரு வருடம் குடியிருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள்; மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவரை யார் வைத்துக்கொள்வது என்று நாங்கள் மூன்று பிள்ளைகளும் போனில் பேசிப் பேசி ஓய்ந்துபோயிருந்தோம். எனக்கு இருப்பது ஒற்றை அறை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரண்டு ஷிப்ட். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே மாமியார். மிச்சம் அக்கா.

அக்கா தனியாக இருக்கிறாள். இரண்டு அறை. மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அவளிடம் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

"போன்ல கேக்கறது மரியாதையா இருக்காது. நேர்ல உக்காந்து கேட்டுடலாம்" என்றான் அண்ணன். பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுவது அவன் வேலை. எங்கள் வீட்டில் சாவுச் செய்திக்குக்கூட அவன்தான் நேரம் குறிப்பான்.

அக்கா வேலை பார்ப்பது பெரிய அருங்காட்சியகத்தில். ஐந்து கட்டடங்கள், நடுவில் முற்றம். பத்தொன்பது வருடமாக அங்கே வழிகாட்டி. வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்துக்கு நான்கு இலவச அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். ஒரு வருடமும் அவள் அதை எங்களுக்குக் கொடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. இந்த வருடம் அண்ணன் கேட்டு வாங்கினான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் ஷிப்ட் முடித்து நான் நாலு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். கண்ணுக்குள் மணல் கிடந்தது.

நுழைவாயிலில் இரண்டு வரிசை. இடது பக்கம் வழிகாட்டியோடு போகிறவர்கள், வலது பக்கம் தனியாகப் பார்க்கிறவர்கள். எங்கள் சீட்டில் எதில் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஒன்றில்தான்.

"தனியாப் போறதுதான் சரி" என்றான் அண்ணன். கையில் வரைபடம், பேனாவால் போட்ட கோடுகள். "குழுவோட போனா ஒண்ணரை மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கணும். மூணு கட்டடம்தான் காட்டுவாங்க. தனியாப் போனா அஞ்சும் பாக்கலாம், நினைச்ச இடத்துல உக்காரலாம். பதினொண்ணே காலுக்குக் கப்பல் கட்டடம், பன்னெண்டுக்கு கேன்டீன்..."

"பாத்ரூமுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கே?" என்றேன்.

"ஏழு" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் நூற்பாலையில் இருந்தவர். இயந்திரங்களும் கதிர்களும் அவர் காதைச் சிறிது சிறிதாகத் தின்று முடித்திருந்தன. எட்டு வருடத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த காது மெஷின் டப்பாவோடு அலமாரியில் தூங்குகிறது. போட்டால் காதுக்குள் எறும்பு ஊர்கிறதாம். எங்கள் வீட்டில் யாராவது ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் அப்பா சிரிப்பார், எங்கள் முகத்தைப் பார்த்து.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். நீல மேல்கோட்டு, கையில் மடக்கிய மஞ்சள் குடை. கூட்டத்தில் அந்தக் குடையைத் தூக்கிப் பிடித்தால்தான் ஆட்கள் அவளைக் கண்டுபிடிப்பார்கள்.

"தனியாவே பாருங்கப்பா" என்றாள், அவர் காதருகில் குனிந்து, கத்தி. இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. "என் கூட வந்தா கால் வலிக்கும். உள்ளே எல்லா இடத்துலயும் பெஞ்ச் இருக்கு!"

"என்ன?"

"பெஞ்ச்! பெஞ்ச் இருக்கு!"

அவள் குரல் கடைசி எழுத்தில் கிழிந்தது. சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன்.

"பெஞ்ச் நம்ம வீட்டுலயே இருக்கு" என்றார் அப்பா. "நான் கல்லையும் பானையையும் பாக்க வரல. நீ வேலை செய்யறதைப் பாக்க வந்தேன். உன் கூடத்தான் வருவேன்."

"உங்களுக்குக் கேக்காதேப்பா!"

"வாயசையறதைப் பாக்கறேன்."

அக்கா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அண்ணன் தன் வரைபடத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், பிணத்துக்குப் போர்த்துகிற பொறுமையோடு.

*

குழுவில் இருபது பேர். ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். அக்கா கழுத்தில் தொங்கும் கருவியில் பேசுவாள்; எவ்வளவு தள்ளி நின்றாலும் நம் காதில் கேட்கும். அவளும் கத்த வேண்டியதில்லை.

அப்பாவுக்கு மாட்டிவிட்டு முழுச் சத்தம் வைத்தோம். உதட்டைப் பிதுக்கினார்.

கருவிகள் கொடுக்கும் ஜன்னலில் ஒரு வயதான அம்மா இருந்தாள். எல்லோரும் அவளை ஹெட்போன்காரம்மா என்றார்கள். "ஏம்மா, பழசு ஒரு பெட்டி கீழ் டிராயர்ல கிடக்கு" என்றாள் அக்காவிடம். "காது முழுக்க மூடற மாதிரி இருக்கும். சத்தமும் ஜாஸ்தி. ஆனா பழைய மைக்கோடதான் சேரும். உன் குழு முழுக்கப் பழசையே மாட்டிக்கணும்."

"எடுங்க" என்றாள் அக்கா.

இருபது பேரிடமும் புதியதைத் திரும்ப வாங்கி, பழையதைக் கொடுத்து, பஞ்சு மாற்றி... பத்து நிமிடம் போயிற்று. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க" என்றாள் ஹெட்போன்காரம்மா. "புதுசுல ஒரு தட்டு தட்டினா மைக் நின்னுடும். பழசுல அப்படியில்ல. மூணு எண்ற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும். பச்சை விளக்கு அணைஞ்சுதான்னு பாத்துக்க."

"தெரியும்மா. நான் இதுலதானே வேலை கத்துக்கிட்டேன்."

அப்பா பழைய ஹெட்போனை மாட்டி, அதோடு சேர்ந்த சத்தச் சக்கரம் வைத்த கருவியைக் கையில் பிடித்துக்கொண்டார். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு, மைக்கில், சாதாரணக் குரலில், "அப்பா" என்றாள்.

அப்பா நிமிர்ந்தார். பின்னால் யாரோ தோளைத் தொட்டதுபோல ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

*

முதல் கட்டடம் கற்கள். இரண்டாவது பானைகள், கருவிகள், நகைகள். நான் அதிகம் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பேசுவதை நானும் அன்றுதான் முதல் முறை கேட்டேன். வீட்டில் அவள் பேசுவது கணக்கு வைத்த மாதிரி இருக்கும். இங்கே வேறு ஆள். ஒரு உடைந்த சீப்பைக் காட்டி, அதை வைத்திருந்தவளுக்கு எவ்வளவு நீளமான தலைமுடி இருந்திருக்கும் என்று பல்லின் இடைவெளியைக் கொண்டு சொன்னாள். வரிசையில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்த ஒரு தம்பதிகூட வாயை மூடிக்கொண்டது.

பெரிய பானை ஒன்றின் முன்னால் குடையை உயர்த்தினாள். "இதுக்கு வயசு நாலாயிரம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. ஆனா பாருங்க, இது ஒரே இடத்துல உக்காந்துட்டு இருக்கு, நான்தான் நிக்கறேன்."

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு அல்ல. எல்லோரோடும், அதே நொடியில்.

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

இரண்டாவது கட்டடம் முடிந்ததும் முற்றத்தில் பத்து நிமிடம் ஓய்வு. "போய் டேபிள் பிடிச்சு வைக்கறேன், நடை முடிஞ்சதும் நேரா அங்க வந்துடுங்க. அங்கதான் கேக்கணும்" என்று அண்ணன் கேன்டீன் பக்கம் போனான். மூன்றாவது கட்டடத்தை அவன் பார்க்கவே இல்லை.

அக்கா கழுத்திலிருந்த கருவியைப் பார்க்காமலே கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பத்து வருடப் பழக்கம். முற்றத்தைத் தாண்டி ஹெட்போன்காரம்மாவின் ஜன்னலுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

பலர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தார்கள். நானும்தான். அப்பா கழற்றவில்லை. கல் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார்.

என் கழுத்திலிருந்து குரல் வந்தது. மெல்லிய, தகரக் குரல்.

"...கால் இல்லம்மா. தொண்டை."

நான் ஹெட்போனைக் காதுக்கு உயர்த்தினேன்.

"டாக்டர் என்ன சொன்னார்?" ஹெட்போன்காரம்மா, தூரத்தில்.

"உள்ளே ஏதோ முடிச்சு மாதிரி இருக்காம். வியாழக்கிழமை குழாய் விட்டுப் பாக்கணுமாம். அதுவரைக்கும் வேலை நேரம் தவிர பேசவே கூடாதாம். கத்தவே கூடாதாம். குரல் போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்? இந்தக் குடையைத் தூக்கறதுக்கா சம்பளம் தருவாங்க?"

"வீட்டுல சொன்னியா?"

"எங்க சொல்ல? அவங்க எதுக்கு இன்னிக்கு வந்திருக்காங்கன்னு தெரியாதா எனக்கு? தம்பி பேனாவும் வரைபடமுமா வரும்போதே தெரியும். அப்பாவை என் வீட்டுல விடப்போறாங்க. கேட்டா சரின்னுதான் சொல்வேன். ஆனா ஒரு வார்த்தை பேசணும்னா கத்தணும்மா. சாப்பிட்டீங்களான்னு கேக்கக் கத்தணும், கதவைச் சாத்துங்கன்னு கத்தணும். இங்க நாள் முழுக்கப் பேசிட்டு, அங்க போய் ராத்திரி முழுக்கக் கத்தணும். அப்பா வேண்டாம்னு சொல்லல. அந்த மெஷினைப் போடமாட்டேங்கறார் பாருங்க... என்னால முடியாதும்மா. சத்தியமா முடியாது."

குழுவில் ஒருவர் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தார். அக்கா நிற்கும் பக்கம் திரும்பினார். நாகரிகமானவர், கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து ஓடி அக்காவின் தோளைத் தொட்டிருக்கலாம். இருபதடி தூரம். எழவில்லை. தூக்கக் கலக்கம் என்று அப்புறம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அக்காவுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் கேட்க வேண்டியிருந்தது. முப்பத்தேழு வருடத்தில் முதல் முறையாகக் கதவு திறந்திருந்தது.

அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. முட்டியை நீவிக்கொண்டிருந்த கை நின்றது. மறு கையில் இருந்த கருவியின் சக்கரத்தில் கட்டைவிரல் நகர்ந்தது.

இந்த இடம்தான்.

"அப்பா" என்று அவர் கையைத் தொட்டு, ஹெட்போனைச் சுட்டிக் காட்டி, கேட்கிறதா என்று சைகை செய்தேன்.

"இரைச்சல்தான்" என்றார். "ஒண்ணும் கேக்கல."

*

மூன்றாவது கட்டடத்தில் சிலைகள். அக்கா அதே உற்சாகத்தோடு பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு சிறு தேய்வு இருந்தது. இவ்வளவு நேரம் அது எனக்குத் தெரியவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. அப்பா கூட்டத்தின் முன் வரிசைக்கு நகர்ந்து நின்றார். சிலைகளைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நடை முடிந்ததும் எல்லோரும் கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா பழக்கம்போல் மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கழுத்தில் அப்படியே போட்டுக்கொண்டு எங்களோடு கேன்டீனுக்கு வந்தாள். அப்பாவிடம் ஹெட்போனை வாங்கப் போனேன். "இருக்கட்டும், காதுக்கு இதமா இருக்கு" என்றார்.

அண்ணன் ஜன்னலோர மேஜையைப் பிடித்து வைத்திருந்தான். நாலு டீ, ஒரு தட்டு பன். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"எட்டு நிமிஷம் லேட்" என்றான்.

"உன் பஸ்ஸெல்லாம் சரியான நேரத்துக்குத்தானே வருது" என்றாள் அக்கா, நாற்காலியில் விழுந்தபடி. காலணியிலிருந்து குதிகாலை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள்.

அண்ணன் பன்னைப் பிய்த்தான். பிய்த்ததைத் தட்டிலேயே வைத்தான். "அக்கா, உனக்கே தெரியும். மாசக் கடைசி வந்துடுச்சு. நாங்க ரெண்டு பேரும் யோசிச்சுப் பாத்ததுல..."

என்னையும் சேர்த்துத்தான் சொன்னான். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சரிடா" என்றாள் அக்கா. அவன் முடிக்கக்கூட இல்லை. "அப்பா என் கூட..."

"எனக்கு ஒரு ரூம் பாருடா" என்றார் அப்பா.

மூவரும் திரும்பினோம்.

"கீழ்த்தளமா இருக்கணும். மாடி ஏற முடியாது. பெரியவ வீட்டுக்கு நடந்து போற தூரத்துல இருந்தாப் போதும்."

"ரூமா? தனியாவா?" அண்ணன் கையைக் காற்றில் ஆட்டினான். "என்ன பேசறீங்கப்பா? உங்களுக்குக் காலிங் பெல் அடிச்சாக்கூடக் கேக்காது!"

அவன் சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குத்தான் கேட்டது. அவள் முகம் சிவந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த ஒரு குற்றத்தை அவள் இப்போது ஈடுகட்ட வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏம்ப்பா? என் வீட்டுக்கு வரக் கூடாதா? நான் என்ன உங்களை வேண்டாம்னா சொன்னேன்?" முழுக் குரலில் கத்தினாள். கேன்டீன் அடங்கியது. "நான் இருக்கும்போது தனி ரூம் எதுக்..."

குரல் உடைந்து காற்றாகிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

அப்பா முகம் சுளித்து ஹெட்போனின் மேல் கையை வைத்துக்கொண்டார். "கத்தாதே பெரியவளே" என்றார். "மெதுவாப் பேசு. எனக்குக் கேக்குது."

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அக்கா குனிந்து தன் கழுத்தில் தொங்கிய கருவியைப் பார்த்தாள்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முற்றத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், ஹெட்போன்காரம்மாவின் ஜன்னலைப் பார்த்தாள், கல் பெஞ்சைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் அந்தப் பத்து நிமிடம் திரும்ப ஓடுவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"என்னாச்சு?" என்றான் அண்ணன். "யாராவது சொல்லுங்களேன்."

அக்கா உட்கார்ந்தாள். கருவியை உதட்டருகே கொண்டுபோனாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. எதிரில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எவ்வளவுப்பா கேட்டுது?"

அப்பா டீயை ஒரு மடக்குக் குடித்தார். ஆறிப்போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லாப் பேசறே" என்றார். "அந்தச் சீப்பு விஷயம் ரொம்ப நல்லா இருந்துச்சு. இத்தனை வருஷம் கேக்காம விட்டுட்டேன்."

அக்கா அழவில்லை. அழுதாலும் தொண்டை தாங்காது என்று பயந்தாளோ என்னவோ. மேஜையின் மேல் கையை நீட்டினாள். அப்பா அதைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் வழக்கமில்லை. தட்டிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து அந்தக் கையில் வைத்தார்.

பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். "அந்த மெஷினை அலமாரியிலேருந்து எடுக்கணும். பேட்டரி செத்திருக்கும், வாங்கிக் குடு" என்றார் என்னிடம். "மீதி ரெண்டு கட்டடம் இருக்குல்ல? அதை நான் தனியாப் பாத்துக்கறேன். யாரும் கூட வர வேண்டாம்."

"சீட்டு ஒண்ணுலதான்ப்பா செல்லும், நாம குழுவோட வந்துட்டோம்" என்றான் அண்ணன், பழக்கதோஷத்தில்.

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. போய்விட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். கப்பல் கட்டடத்தின் வாசலில் காவலாளி ஏதோ கேட்டான். அப்பா திரும்பி எங்கள் பக்கம், அக்காவைக் காட்டினார். அக்கா இருந்த இடத்திலிருந்தே மஞ்சள் குடையை உயர்த்தினாள். காவலாளி வழிவிட்டான்.

அன்று அப்பா இரண்டு கட்டடத்தையும் பார்த்துவிட்டு மூடுகிற மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தார். அண்ணன் செவ்வாய்க்கிழமையே ஓர் அறை கண்டுபிடித்தான்: கீழ்த்தளம், அக்கா வீட்டிலிருந்து பதினோரு நிமிட நடை, கடிகாரம் வைத்து நடந்து பார்த்தான். அக்கா திங்கட்கிழமை வேலைக்குப் போனாள், ஒரு வாரம் ஜன்னலில் கருவிகள் கொடுக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் முற்றத்தில் கேட்டதை அண்ணனிடம் சொன்னேன், பேட்டரி வாங்கிக் கொடுத்தேன். அப்பா மெஷினை மாட்டிக்கொண்டார், எறும்பு ஊர்கிறது என்றார், ஆனால் கழற்றவில்லை. வியாழக்கிழமை அக்காவோடு டாக்டரிடம் போகப்போவது யார் என்பது மட்டும் முடிவாகவில்லை. அப்பா, அண்ணன், நான், மூன்று பேருமே நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தோம். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.